மூளை பைபாஸ்: ரத்தம் போய்ச் சேர்ந்த பிறகு வரும் சிக்கல்

மூளைக்கு பைபாஸ் செய்துகொண்ட ஒருவரின் மூன்றாவது நாள். குறிப்பிட்ட ஆள் யாரும் இல்லை, ஒரு மாதிரிக் காட்சிதான். ஆனால் இந்த ஆபரேஷன் நடக்கும் எந்த ஊர் வார்டிலும் காணக்கூடியது. ஆபரேஷன் அன்று மாலையே கண் விழித்துவிட்டார். கை கால் நன்றாக அசைகிறது. மறுநாள் சாப்பிட்டார், வீட்டுக்கு போனில் பேசினார். மூன்றாம் நாள் காலை மனைவியிடம் எதையோ கேட்க வாயெடுக்கிறார். "அது... அதை எடு" என்பதற்கு மேல் வரவில்லை. கண் டம்ளரைப் பார்க்கிறது. தண்ணீர் என்ற சொல் மட்டும் கிடைக்கவில்லை. வலது கை விரல்கள் மரத்துப்போன மாதிரி இருப்பதாகச் சைகையில் காட்டுகிறார். மனைவி சிஸ்டரைக் கூப்பிட ஓடுகிறார். ஸ்கேன் எடுக்கிறார்கள். வைத்துத் தைத்த ரத்தக்குழாய் திறந்திருக்கிறது. புதிதாக அடைப்பு இல்லை. "ஆபரேஷன் சக்சஸ்தான்மா" என்கிறார் டாக்டர். பேச்சு வராத கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த அம்மா இதை எப்படி எடுத்துக்கொள்வார்?

டாக்டர் சொன்னது பொய்யில்லை. இன்னும் கேட்டால், பேச்சு போனதற்குக் காரணமே ஆபரேஷன் பலித்ததுதான். இந்த முரணைப் புரிந்துகொண்டால் மூளை பைபாஸுக்குப் பிறகு வரும் சிக்கல்களில் பாதி விளங்கிவிடும்.

பைபாஸ் என்றதும் நமக்கு இதயம்தான் நினைவுக்கு வரும். மூளைக்குச் செய்வதும் அதே யோசனைதான், அளவுதான் வேறு. காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்துப் பாருங்கள், ஒரு துடிப்பு தட்டுப்படும். தலைத்தோலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அது. அதன் ஒரு கிளையைத் தோலுக்கு அடியிலிருந்து பிரித்தெடுத்து, மண்டையோட்டில் ஒரு ஜன்னல் திறந்து, உள்ளே மூளையின் மேற்பரப்பில் ஓடும் நடுப் பெருமூளைத் தமனியின் கிளை ஒன்றோடு சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். தோலுக்குப் போய்க்கொண்டிருந்த ரத்தம் இனி மூளைக்குப் போகும்.

தைக்கும் குழாயின் குறுக்களவு சுமார் 1 மில்லிமீட்டர். நூல் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு தடிமன், தலைமுடியைவிட மெல்லியது. மைக்ரோஸ்கோப்புக்கு வெளியே அந்த நூல் கண்ணுக்குத் தெரிவதே சந்தேகம்தான். சுற்றிவர ஏறக்குறைய பத்துத் தையல். அதைப் போட்டு முடிக்கும் இருபது முப்பது நிமிடமும் அந்த மூளைத் தமனிக் கிளையில் இரண்டு பக்கமும் கிளிப் போட்டு ரத்தத்தை நிறுத்தி வைத்திருப்பார்கள். கிளிப்பை எடுத்ததும் ரத்த நாளத்தில் ஒரு சாயத்தை ஏற்றி, அகச்சிவப்பு ஒளியில் அது மூளைப் பக்கம் பளிச்சென்று ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். ஓடினால் அறையில் எல்லோருக்கும் மூச்சு வரும்.

இதை மனிதருக்கு முதலில் செய்தவர் துருக்கியில் பிறந்த மஹ்முத் காஸி யாஷார்கில். 1967 அக்டோபர் 30, சூரிச் நகரில். அதற்கு முன் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து பர்லிங்டனில், டொனகி என்பவரின் ஆய்வுக்கூடத்தில் இருந்து, மைக்ரோஸ்கோப்பின் கீழ் சின்னஞ்சிறு குழாய்களைத் தைக்கக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் இந்த ஆபரேஷன் உலகெங்கும் பரவியது. கழுத்துத் தமனி அடைத்துக்கொண்டவர், பக்கவாதம் லேசாக வந்து போனவர் என்று பலருக்கும் செய்தார்கள். அடைப்பு இருந்தால் சுற்றிப் போவோம் என்கிற நியாயம் யாருக்கும் சரியென்றுதானே படும்?

அப்புறம் கணக்குப் பார்த்தார்கள். கனடாவின் ஹென்றி பார்னெட் தலைமையில் 1377 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆபரேஷனும் மருந்தும், மறு பாதிக்கு மருந்து மட்டும் கொடுத்துச் சராசரியாக நாலரை ஆண்டுக்கு மேல் கவனித்தார்கள். 1985இல் முடிவு வந்தது. தைத்த குழாய்களில் 96 சதவீதம் திறந்தே இருந்தன. கைத்திறமையில் குறை சொல்ல முடியாது. ஆனால் பக்கவாதம் குறையவில்லை. ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு அது முன்கூட்டியே வந்தது, அதிகமாகவும் வந்தது.

தேர்ந்தெடுத்த ஆட்கள் சரியில்லை, மூளை உண்மையிலேயே ரத்தத்துக்குத் தவிக்கிறதா என்று அளந்து பார்க்காமல் எல்லோரையும் சேர்த்துவிட்டார்கள் என்று ஒரு விமர்சனம் எழுந்தது. நியாயமான விமர்சனம். அதனால் அமெரிக்காவில் இன்னொரு ஆய்வு. இந்த முறை பெட் ஸ்கேன் எடுத்து, வரும் கொஞ்ச ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை மூளை வழித்தெடுக்கிறதா என்று பார்த்து, அப்படிப்பட்டவர்களை மட்டும் சேர்த்தார்கள். 195 பேர் சேர்ந்த நிலையில், இதைத் தொடர்ந்தாலும் பயன் தெரியப்போவதில்லை என்று பாதியிலேயே நிறுத்த வேண்டி வந்தது. 2011இல் வெளியான கணக்கு இது: முதல் 30 நாளில் அதே பக்கத்து மூளையில் பக்கவாதம், ஆபரேஷன் குழுவில் 14.4 சதவீதம், மருந்துக் குழுவில் 2 சதவீதம். இரண்டு ஆண்டு முடிவில் 21க்கு 22.7 என்று இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 40 சதவீதம் பேருக்கு வரும் என்று எதிர்பார்த்துத்தான் அந்த ஆய்வைத் தொடங்கியிருந்தார்கள். மாத்திரைகள் எவரும் நினைத்ததைவிட நன்றாகவே வேலை செய்தன.

இதில் கவனிக்க வேண்டியது அந்த 14.4. குழாய்கள் ஒரு மாதத்தில் 98 சதவீதம் திறந்தே இருந்தன. பிறகு அந்தப் பக்கவாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை முதல் இரண்டு நாட்களுக்குள் வந்தவை என்றும், தையல் கோளாறைவிட அந்த மூளைகளின் பலவீனமே காரணம் என்றும் தெரிந்தது. விளிம்பில் நிற்கும் மூளை. மயக்க மருந்து கொடுக்கும்போது பி.பி. சற்று இறங்கினாலும், மூச்சு மெஷினின் அளவு சற்று மாறினாலும் அதற்குத் தாங்காது.

2023இல் வந்த சீன ஆய்வும் கிட்டத்தட்ட இதையே சொன்னது. 324 பேர். முதல் 30 நாளில் பக்கவாதமோ மரணமோ ஆபரேஷன் குழுவில் 6.2 சதவீதம், மருந்துக் குழுவில் 1.8. அந்த மாதத்தைத் தாண்டிய பின் இரண்டு ஆண்டு வரை அதே பக்கத்தில் பக்கவாதம் வந்தது 2 சதவீதத்துக்கும் 10.3 சதவீதத்துக்குமாகத் தலைகீழானது. எல்லாம் கூட்டிக் கழித்தால், இருக்கும் வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்பதற்கு மேல் போகவில்லை. ஆனாலும் என் கண்ணுக்கு இந்தக் கணக்கின் உருவம் முக்கியமாகப் படுகிறது. ஆபத்து முழுக்க முன்னால் குவிந்து கிடக்கிறது, பலன் பின்னால் சொட்டுச் சொட்டாக வருகிறது. அந்த முதல் மாதத்தைத் தாண்ட வைப்பதுதான் இந்தச் சிகிச்சையின் மொத்த சாமர்த்தியமும்.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் ஏன் செய்கிறார்கள்? கழுத்துத் தமனி அடைப்புக்கு இப்போது எல்லோருக்கும் செய்வதில்லை. தமனி வீக்கம் பெரிதாகி அந்தத் தமனியையே அடைத்தாக வேண்டிய கட்டத்தில் செய்கிறார்கள். அங்கே தலைத்தோல் தமனி போதாது. கையிலிருந்தோ காலிலிருந்தோ ஒரு பெரிய குழாயை எடுத்து வைப்பார்கள். எல்லாவற்றையும்விட அதிகமாகச் செய்வது மோயாமோயா நோய்க்கு.

மோயாமோயா ஜப்பானியச் சொல். மூட்டமாக, புகை படிந்தது போல என்று பொருள். மூளைக்குப் போகும் பெரிய தமனிகள் காரணம் தெரியாமல் மெல்ல மெல்லச் சுருங்கி அடைந்துபோக, பக்கத்திலுள்ள பொடிக்குழாய்கள் அந்தச் சுமையை ஏற்று வீங்கிப் பெருகும். ஆஞ்சியோ படத்தில் அது சிகரெட் புகையை ஊதிவிட்டது போலத் தெரியும். 1957இல் ஜப்பானில் முதலில் எழுதி வைக்கப்பட்டது. 1969இல் ஜிரோ சுசுகி இந்தப் பெயரோடு உலகத்துக்குச் சொன்னார். ஜப்பான், கொரியா, சீனாவில் அதிகம். ஐந்து வயதுக் குழந்தைகளுக்கும் வரும், நாற்பதுகளில் இருப்பவர்களுக்கும் வரும். பெண்களுக்கு ஆண்களைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. சுருங்கிய குழாயைத் திறக்க மருந்து கிடையாது. பெரியவர்களில் சிலருக்கு அந்தப் புகைக்குழாய்கள் வெடித்து ரத்தம் கசியும். அப்படி ஒருமுறை கசிந்த 80 பேரை வைத்து ஜப்பானில் நடந்த ஆய்வின் முடிவு 2014இல் வந்தது. பைபாஸ் செய்தவர்களுக்கு மறுகசிவு ஆண்டுக்கு 2.7 சதவீதம், செய்யாதவர்களுக்கு 7.6. வேறு வழியில்லாத நோயில் இது பெரிய வித்தியாசம்.

இப்போது மூன்றாம் நாள் பேச்சு போனவரிடம் வருவோம்.

காவிரிப் பாசனம் தெரிந்தவர்களுக்குக் கடைமடை என்றால் விளக்கத் தேவையில்லை. தண்ணீர் தட்டுப்பாடு வந்தால் முதலில் காய்வதும் கடைசியாக நனைவதும் அந்த நிலம்தான். தமனி சுருங்கிய மூளையும் கடைமடைதான். சாதாரண மூளையில் பி.பி. ஏறினால் சிறு தமனிகள் தம்மைச் சுருக்கிக்கொள்ளும், இறங்கினால் விரித்துக்கொள்ளும். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு மடை, ஒவ்வொரு மடைக்கும் ஒரு ஆள் என்கிற மாதிரி. ரத்தம் ஆண்டுக்கணக்கில் குறைவாகவே வந்தால் அந்த மடைகளெல்லாம் முழுக்கத் திறந்தபடியே கிடக்கும். வருவதில் ஒரு துளியும் விடக்கூடாது அல்லவா? நாளடைவில் மூடும் பழக்கமே போய்விடும். அந்த இடத்தில் திடீரென்று புது வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திறந்தால் என்ன ஆகும்? வரும் தண்ணீர் ஒன்றும் பெரிய வெள்ளமில்லை, சாதாரண வயல் சிரமமில்லாமல் தாங்கும் அளவுதான். இந்த வயல் தாங்காது. தையல் போட்ட இடத்தைச் சுற்றி நாணயம் அளவுள்ள ஒரு பகுதியில் ரத்தம் தேவைக்கு மேல் பாய்ந்து, குழாய்ச் சுவர் கசிந்து, அந்தப் பகுதி லேசாக வீங்கும். அந்த நாணயத்துக்கு அடியில் பேச்சு இருந்தால் பேச்சு தடுமாறும், கை இருந்தால் கை மரக்கும். மருத்துவர்கள் இதை மிகை ரத்தப்பாய்வு என்பார்கள். குழந்தைகளைவிடப் பெரியவர்களுக்கு அதிகம். வலது மூளையைவிட இடது மூளையில் செய்தால் வெளியே தெரிவதும் அதிகம், பேச்சு அங்கே இருப்பதால்.

முதல் ஓரிரு நாளில் தொடங்கி, சில நாள் உச்சத்தில் இருந்து, ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடுவதுதான் வழக்கம். பெரும்பாலானவர்களுக்கு வடு எதையும் விடாமல் போய்விடும். ஒரு சிலருக்கு வலிப்பு வரும். மிகச் சிலருக்குக் கரை உடைந்த மாதிரி மூளைக்குள் ரத்தக்கசிவு. பயப்பட வேண்டியது அதற்குத்தான். கழுத்துத் தமனி அடைப்பை ஆபரேஷன் செய்து எடுத்தவர்களுக்கும், ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் இதே தொல்லை வருவதுண்டு. தலைவலிதான் அங்கே முதல் அறிகுறி.

இவ்வளவோடு நின்றால் பி.பி.யைக் குறைத்துவிட்டு உட்காரலாம். ஆனால் பேச்சு தடுமாறுவதற்கும் கை மரத்துப்போவதற்கும் இன்னொரு காரணமும் உண்டு, இதற்கு நேர் எதிரானது. பழைய வாய்க்காலில் ஏதோ கொஞ்சம் வந்துகொண்டிருந்தது. இப்போது எதிர்ப்புறத்திலிருந்து புதுத் தண்ணீர் அதைத் தள்ளுகிறது. இரண்டும் மோதும் எல்லை இடம் மாறிவிடுகிறது. நேற்று வரை பழைய வழியில் நனைந்துகொண்டிருந்த ஒரு துண்டு நிலம், இன்று இரண்டு பக்கமும் இல்லாமல் காய்கிறது. அல்லது தைத்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயே அடைத்திருக்கலாம். இவற்றுக்கெல்லாம் மருந்து, பி.பி.யை ஏற்றி, திரவம் அதிகம் கொடுப்பது.

ஒரே மாதிரி அறிகுறிகள், நேர்மாறான வைத்தியம். தவறாக ஊகித்தால் இருப்பதும் கெடும். எனவேதான் ஊகிக்காமல் படம் எடுக்கிறார்கள். எம்.ஆர்.ஐ.யில் திசு செத்திருக்கிறதா என்று தெரியும். ரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேனில் அந்த இடம் பக்கத்தைவிட அதிகமாக ஒளிர்கிறதா மங்கியிருக்கிறதா என்று தெரியும். ஜப்பானின் பெரிய மையங்களில் பேச்சு போகும் வரை காத்திருப்பதில்லை. ஆபரேஷன் முடிந்த மறுநாளே ரத்த ஓட்ட ஸ்கேன் எடுத்துவிடுகிறார்கள். மிகை என்று தெரிந்தால் மேல் பி.பி.யை 130க்குக் கீழே பிடித்து வைப்பார்கள். செண்டாய் நகரின் தொஹோகு பல்கலைக்கழகக் குழுவினர் மினோசைக்ளினும் கொடுத்துப் பார்த்துப் பலன் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். நம் தோல் டாக்டர்கள் முகப்பருவுக்கு எழுதித் தரும் அதே ஆண்டிபயாடிக்தான். அழற்சியை அடக்கும் குணம் அதற்கு உண்டு.

130க்குக் கீழே பிடிப்பதிலும் ஒரு கத்திமுனை இருக்கிறது. மோயாமோயா பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும் நோய். இடது பக்கம் தைத்தாகிவிட்டது, அது வழிகிறது. வலது பக்கம் இன்னும் தைக்கவில்லை, அது காய்கிறது. இடது பக்கத்துக்காக பி.பி.யை இறக்கினால் வலது பக்கத்தில் பக்கவாதம் வரலாம். ஐ.சி.யூ.வில் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கும் சிஸ்டர் 110க்கும் 130க்கும் நடுவில் ஒரு மனிதரை ஓட்டிக்கொண்டிருக்கிறார். வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது தெரிந்தால் ஒரு நன்றியாவது சொல்வார்கள்.

மாதிரிக் காட்சியில் வந்தவருக்கு ஐந்தாறு நாளில் சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பும். முதலில் பெயர்கள், பிறகு வினைகள் என்று ஒழுங்கெல்லாம் கிடையாது. எது முதலில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு இதில் ஒரே குறை. ஆபரேஷனுக்கு முன் கையெழுத்து வாங்கும் தாளில் "ரத்தக்கசிவு, பக்கவாதம், மரணம்" என்று மூன்று சொல்லை வரிசையாகப் போட்டுவிடுகிறார்கள். இரண்டாம் மூன்றாம் நாள் பேச்சு கொஞ்சம் தடுமாறலாம், பெரும்பாலும் திரும்பிவிடும் என்று ஒரு வரி சொல்லி வைத்தால் அந்த அம்மா வராந்தாவில் இடிந்துபோய் உட்கார வேண்டியதில்லை.

குழந்தைகள் விஷயம் தனி. அழும் குழந்தை வேகமாக மூச்சு வாங்கும். ரத்தத்தில் கார்பன்-டை-ஆக்சைடு குறையும். அது குறைந்தால் மூளைத் தமனிகள் சுருங்கும். நல்ல மூளைக்கு இது பொருட்டில்லை. மோயாமோயா குழந்தைக்குக் கை விழுந்துவிடும், சில நிமிடம் பேச்சு நின்றுவிடும். ஜப்பானில் இந்த நோயைப் பல வீடுகளில் முதலில் காட்டிக்கொடுப்பதே சூடான நூடுல்ஸை ஊதி ஊதிச் சாப்பிடுவதும், பள்ளியில் ஹார்மோனிகா வாசிப்பதும்தான். பலூன் ஊதுவதும், ஊதாங்குழலால் அடுப்பூதுவதும் அதே கணக்குதான். ஆபரேஷன் முடிந்த வார்டில் "குழந்தையை அழ விடாதீர்கள்" என்று டாக்டர் சொன்னால் அது செல்லம் கொடுக்கச் சொல்வதல்ல, மருந்துச்சீட்டில் எழுத வேண்டிய விஷயம். ஊசி குத்துவதைக் குறைப்பது, வலிக்கு நேரத்துக்கு மருந்து கொடுப்பது, வாந்தி பேதி வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே டிரிப் ஏற்றுவது எல்லாம் இதன் பேரில்தான். நீர் வற்றினால் ரத்தம் குறையும், பி.பி. இறங்கும், கடைமடை முதலில் காயும்.

தலைத்தோலின் கணக்கையும் பார்க்க வேண்டும். அதன் ரத்தத்தைத்தான் எடுத்து மூளைக்குக் கொடுத்திருக்கிறோம். எனவே தையல் போட்ட தோலின் ஓரம் சிலருக்கு ஆறாமல் கறுக்கும். தமனியின் இரண்டு கிளையையும் எடுத்திருந்தாலோ சர்க்கரை நோய் இருந்தாலோ இதற்கு வாய்ப்பு அதிகம். மூளை உறையையும் நீர் புகாதபடி இறுக்கித் தைக்க முடியாது. தமனி உள்ளே நுழையும் வாசலை இறுக்கினால் பைபாஸே நெரிந்துவிடும். அந்த இடைவெளி வழியாக மூளைநீர் தோலுக்கு அடியில் கசிந்து புடைக்கலாம், காயத்தின் வழியே வெளியே வந்தால் கிருமி உள்ளே போகலாம். காதுக்கு மேலே உள்ள மெல்லும் தசையை வெட்டித் திறப்பதால் சில வாரம் வாயை அகலத் திறக்க முடியாது. முறுக்கு சாப்பிட ஆசைப்பட்டால் பொறுத்திருக்க வேண்டியதுதான்.

தைத்த குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரினை நிறுத்தினால் குழாய் அடைக்கலாம், தொடர்ந்தால் வயதானவர்களுக்கு மண்டைக்குள் மெதுவாக ரத்தம் தேங்கலாம். அதனால் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் தைத்த டாக்டரின் முடிவாகவே இருக்க வேண்டும். பல் பிடுங்கப் போன இடத்தில் "ஒரு வாரம் நிறுத்திட்டு வாங்க" என்று சொன்னால், நிறுத்துவதற்கு முன் அவருக்கு ஒரு போன் போடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு புதிதாகத் தாங்க முடியாத தலைவலி, வலிப்பு, வாய் கோணுவது, கால் இழுப்பது என்று எது வந்தாலும் காத்திருக்கும் பேச்சுக்கே இடமில்லை.

மாதங்கள் போகப் போக அந்தத் தலைத்தோல் தமனி பெருத்துக்கொண்டே வரும், புகைக்குழாய்கள் ஆஞ்சியோவில் மெல்ல மங்கும். தேவை குறைந்ததால் அவை வற்றுகின்றன. ஆனால் நோய் நின்றுவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. எதிர்ப்பக்கத்திலும், மூளையின் பின்பக்கத் தமனிகளிலும் பின்னர் சுருக்கம் வரலாம். ஆண்டுக்கு ஒரு முறை ஸ்கேன் எடுக்கச் சொல்வது அதற்குத்தான். இடைப்பட்ட நாட்களில் வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியது சின்ன விஷயம். காதுக்கு முன்னால் ஓடும் அந்தத் தமனிதான் இனி மூளையின் வாய்க்கால். மூக்குக்கண்ணாடியின் காம்பு அதன் மேல் அழுந்தக்கூடாது. கண்ணாடிக் கடைக்காரரிடம் காம்பைக் கொஞ்சம் விரித்து வளைத்துத் தரச் சொன்னால் போதும். இறுக்கமான ஹெல்மெட், தலையைச் சுற்றிக் கட்டும் மாஸ்க் நாடா, தலைவலிக்கு நெற்றியில் துணியைச் சுற்றி முடிச்சுப் போடும் நம் வழக்கம், எல்லாம் இதே கணக்கில் சேரும். அந்தப் பக்கமே ஒருக்களித்துப் படுத்துத் தூங்குவதையும் ஆரம்ப மாதங்களில் வேண்டாம் என்பார்கள்.